எண்ணிம மகிழுந்து வானொலி

எண்ணிம மகிழுந்து வானொலி என்பது, ஒலியை எண்களாக மாற்றி வானலை வழியே அனுப்பும் ஒலிபரப்பை ஓடும் வண்டியில் பெற்றுக் கேட்க உதவும் கருவியாகும். வழக்கமான வானொலியில் ஒலியின் ஏற்ற இறக்கங்கள் அலையின் வீச்சிலோ அதிர்வெண்ணிலோ நேரடியாக ஏற்றப்படுகின்றன. எண்ணிம வானொலியில் ஒலி முதலில் எண் தொடராக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு, பிழைதிருத்தக் குறியீடுகளுடன் அனுப்பப்படுகிறது. மகிழுந்திலுள்ள வானொலி அவ்வெண்களைப் பெற்று மீண்டும் ஒலியாக்குகிறது.

இந்தியாவில் இத்தொழில்நுட்பத்தின் எதிர்காலம் இரண்டு கேள்விகளைச் சார்ந்துள்ளது. முதலாவது, பல செந்தரங்களில் எது நிலைபெறும் என்பது. இரண்டாவது, ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியைத் தம் சொந்தப் பயனுக்காகப் பதிவு செய்துகொள்ள நேயருக்குச் சட்டம் அளிக்கும் இடம், புதிய கருவிகளிலும் நடைமுறையில் கிடைக்குமா என்பது.

பெயரும் செந்தரங்களும்

உலகில் தரைவழி எண்ணிம வானொலிக்கு மூன்று செந்தரங்கள் பெரிதும் வழக்கில் உள்ளன.

• டி.ஏ.பி. - ஐரோப்பாவில் உருவானது. ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்சு அகலமுள்ள ஒரே அலைவரிசையில் பல நிலையங்களின் நிகழ்ச்சிகள் தொகுத்து அனுப்பப்படும். இதன் மேம்பட்ட வடிவம் டி.ஏ.பி.+ ஆகும்.
• எச்.டி. ரேடியோ - அமெரிக்காவில் பரவலாக உள்ளது. பழைய பண்பலை அல்லது மத்திய அலை ஒலிபரப்பின் இரு பக்கங்களிலும் எண்ணிமக் குறிகையை ஒட்டி அனுப்பும் முறை.
• டி.ஆர்.எம். - 'டிஜிட்டல் ரேடியோ மாண்டியல்' என்பதன் சுருக்கம். முதலில் மத்திய அலை, சிற்றலை, நெட்டலை ஆகியவற்றுக்காக வகுக்கப்பட்டுப் பின்னர் பண்பலை வரிசைக்கும் விரிவாக்கப்பட்டது. இந்திய அரசின் வானொலி தேர்ந்தெடுத்தது இதுவே.

டி.ஆர்.எம். என்ற இதே சுருக்கம், நூல், இசை போன்றவற்றின் எண்ணிமப் படிகளைப் பூட்டி வைக்கும் 'எண்ணிம உரிமை மேலாண்மை'யையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. இக்கட்டுரையில் டி.ஆர்.எம். என்பது வானொலிச் செந்தரத்தை மட்டுமே சுட்டுகிறது.

செயற்படும் முறை

எண்ணிம வானொலியில் ஒலித் தரவு ஒரே ஊர்தி அலையில் ஏற்றப்படுவதில்லை. நெருக்கமாக அமைந்த பல சிறு ஊர்தி அலைகளில் பகிர்ந்து அனுப்பப்படுகிறது. கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் அலை, நேரே வரும் அலையை விடச் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் பழைய வானொலியில் இரைச்சலும் மங்கலும் தோன்றும். தரவைப் பல ஊர்திகளில் பிரித்து, ஒவ்வொரு குறிக்குமிடையே சிறு காப்பு இடைவெளி விடுவதால் எண்ணிம முறையில் இக்குறை பெருமளவு தவிர்க்கப்படுகிறது. ஓடும் வண்டிக்கு இது மிகவும் பயனுள்ளது.

மத்திய அலையில் டி.ஆர்.எம். ஒலிபரப்பு, பழைய நிலையங்களைப் போலவே 9 அல்லது 10 கிலோஹெர்ட்சு அகலத்துக்குள் இயங்க வல்லது. அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளையும், செய்தித் தலைப்புகள் போன்ற எழுத்துத் தரவையும் அனுப்பலாம். ஒரே அனுப்பியிலிருந்து பழைய முறையையும் எண்ணிம முறையையும் அருகருகே ஒலிபரப்பவும் முடியும். இது இணை ஒலிபரப்பு எனப்படுகிறது. பழைய வானொலிப் பெட்டி வைத்திருப்போர் கைவிடப்படாமல் இருக்க இம்முறை உதவுகிறது.

எண்ணிம முறைக்கு ஒரு குறையும் உண்டு. பழைய வானொலியில் குறிகை வலுவிழக்கும்போது இரைச்சல் படிப்படியாகக் கூடும். பாட்டோ பேச்சோ ஓரளவு காதில் விழும். எண்ணிம வானொலியில் பிழைதிருத்தம் இயலும் வரை ஒலி தெளிவாக இருக்கும். அந்த எல்லையைக் கடந்தவுடன் ஒலி அடியோடு நின்றுவிடும்.

வரலாறு

சென்னையில் வானொலி

எண்ணிம வானொலி வருவதற்கு முன்னரே சென்னை, இந்திய ஒலிபரப்பில் பல தொடக்கங்களைக் கண்ட நகரமாகும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே மாதத்தில் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், அதே ஆண்டு சூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றது. கழகத்தின் அனுப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பும் 1977 சூலை 23 அன்று சென்னையிலேயே தொடங்கியது.

பண்பலை தொடங்கியபோது அதனைக் கேட்கும் பெட்டிகள் மிகச் சிலரிடமே இருந்தன. மலிவான பண்பலைப் பெட்டிகள் வந்த பின்னரே அது மக்களிடம் பரவியது. ஒலிபரப்பு முதலில் வருவதும் வாங்கிகள் காலம் கடந்து வருவதும் எண்ணிம வானொலியிலும் மீண்டும் நிகழ்ந்தது.

வேர்ல்டுஸ்பேஸ்

தமிழ் நேயர்களுக்கு முதலில் அறிமுகமான எண்ணிம வானொலி தரைவழி வந்ததன்று; செயற்கைக்கோள் வழி வந்தது. 2000 மார்ச்சில் ஏவப்பட்ட ஏசியாஸ்டார் என்னும் செயற்கைக்கோள் மூலம் வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனம் ஆசியாவில் ஒலிபரப்பியது. தமிழ்த் திரைப்பாடல்களுக்குக் 'கே.எல். ரேடியோ', கருநாடக இசைக்குச் 'சுருதி' எனத் தனி அலைவரிசைகள் இருந்தன. விளம்பரத் தூதுவராக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் விளங்கினார்.

இச்சேவைக்குத் தனி வாங்கியும் கட்டணமும் தேவைப்பட்டன. வானை நோக்கித் திருப்பி வைக்கப்பட்ட அலைவாங்கி செயற்கைக்கோளை மறைவின்றிக் 'காண' வேண்டியிருந்ததால், தரைவழி மறுஒலிபரப்பிகள் இல்லாமல் நகரச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு அது பொருந்தவில்லை. தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரியது. இந்தியாவில் சேவை 2009 திசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. வேறெந்த ஒலிபரப்பையும் அம்முறையில் பெற இயலாததால், சந்தாதாரர்களின் வாங்கிகள் பயனற்றுப் போயின. ஒரே நிறுவனத்தைச் சார்ந்த செந்தரத்தின் இடர்ப்பாட்டுக்கு இது எடுத்துக்காட்டாகும்.

ஆகாசவாணியும் டி.ஆர்.எம்மும்

அகில இந்திய வானொலி 2007-இல் தில்லியில் டி.ஆர்.எம். சோதனைகளை நடத்தியது. 2009 சனவரியில் தில்லியை அடுத்த கம்பூர் நிலையத்தின் 250 கிலோவாட் சிற்றலை அனுப்பி மூலம் முறையான டி.ஆர்.எம். ஒலிபரப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் சென்னை உட்பட நாடெங்கும் ஏறத்தாழ 35 மத்திய அலை அனுப்பிகள் டி.ஆர்.எம். வசதியுடன் நிறுவப்பட்டன. 2023 மே மாதம் முதல் இவ்வமைப்பு எல்லா மொழிகளிலும் ஆகாசவாணி என்ற பெயராலேயே வழங்கப்படுகிறது.

அனுப்பிகள் இயங்கத் தொடங்கிய பின்னரும் கடைகளில் டி.ஆர்.எம். பெட்டிகள் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் விலை மிகுந்தவை. இந்நிலையை ஓரளவு மாற்றியது மகிழுந்துத் தொழிலே. 2017 முதல் மாருதி சுசூக்கி, ஹூண்டாய் முதலிய நிறுவனங்களின் சில வகை வண்டிகளில் டி.ஆர்.எம். வாங்கி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. இவற்றுள் ஹூண்டாய், சென்னைக்கு மேற்கே திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் வண்டிகளைத் தயாரித்து வருகிறது. டி.ஆர்.எம். கூட்டமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் இவ்வாங்கி பொருத்தப்பட்ட மகிழுந்துகளின் எண்ணிக்கை 2020-இல் ஏறத்தாழ 20 இலட்சத்தை எட்டியது. இதனால் இந்தியாவில் எண்ணிம வானொலி, வீட்டுக்கு வருமுன் மகிழுந்துக்கு வந்துவிட்டது எனலாம்.

தனியார் பண்பலையும் கொள்கையும்

சென்னையில் 2003-இல் சூரியன் எப்.எம்., ரேடியோ மிர்ச்சி ஆகிய தனியார் பண்பலை நிலையங்கள் தொடங்கப்பட்டன. 2006-க்குப் பின் மேலும் பல நிலையங்கள் வந்தன. மகிழுந்தில் பயணம் செய்வோர் பெரும்பாலும் கேட்பது இப்பண்பலை நிலையங்களையே என்பதால், மத்திய அலையில் மட்டும் எண்ணிம ஒலிபரப்பு இருப்பது போதுமானதாக இல்லை.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2018 பெப்ரவரி 1 அன்று எண்ணிம வானொலி குறித்த தன் முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. தனியார் நிலையங்களுக்கான கொள்கை பற்றிய கலந்தாய்வுத் தாளை 2024 செப்டம்பரிலும், பரிந்துரைகளை 2025 அக்டோபரிலும் வெளியிட்டது. அவற்றின் முக்கியக் கூறுகள்:

• நாடு முழுவதற்கும் ஒரே எண்ணிமத் தொழில்நுட்பம் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.
• புதிய அலைவரிசைகள் இணை ஒலிபரப்பு முறையில் தொடங்கப்பட வேண்டும். ஒரே அலைவரிசையில் ஒரு பழைய முறை நிகழ்ச்சி, மூன்று எண்ணிம நிகழ்ச்சிகள், ஒரு தரவுத் தடம் ஆகியவை இடம்பெறலாம்.
• முதற்கட்டமாகச் சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களும் வேறு ஒன்பது நகரங்களும் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.
• நிலையங்கள் தம் நேரடி ஒலிபரப்பை இணையத்திலும் உடனிகழ்வாக வழங்கலாம். ஆனால் அதில் பயனர் கட்டுப்பாடு எதுவும் இருத்தலாகாது.

பரிந்துரைகள் அரசின் முடிவுகள் ஆகா. அவற்றை ஏற்பதும் மாற்றுவதும் தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்தின் பொறுப்பாகும்.

நகரச் சாலைகளில் ஏற்பு

மகிழுந்து வானொலிக்கு வீட்டு வானொலிக்கில்லாத இடையூறுகள் உண்டு. வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால் குறிகையின் வலு நொடிக்கு நொடி மாறுகிறது. மேம்பாலங்களின் அடியிலும், இரும்புக் கம்பி பொதிந்த கற்காரைக் கட்டுமானங்களின் அருகிலும் மத்திய அலை வெகுவாக மங்கும். சென்னையில் ஈக்காட்டுத்தாங்கல் வழியாகக் கத்திப்பாரா செல்லும் உள்வட்டச் சாலை இத்தகைய சூழலுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அங்கே சாலையை ஒட்டி உயர்மட்ட மெட்ரோ தொடருந்துப் பாதை அமைந்துள்ளது. ஈக்காட்டுத்தாங்கல் நிலையம் 2015 சூனில் திறக்கப்பட்டது. சாலையின் முடிவில் கத்திப்பாராவின் பல அடுக்கு மேம்பாலம் உள்ளது. அருகில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் பல உள்ளன. இத்தகைய இடங்களில் பழைய வானொலி இரையும். எண்ணிம வானொலி தெளிவாக ஒலிக்கும் அல்லது முற்றிலும் நின்றுவிடும்.

மின்சார மகிழுந்துகளின் பெருக்கம் மற்றொரு காரணியாகும். அவற்றின் மின்னோடிகளும் மின்மாற்றிச் சுற்றுகளும் எழுப்பும் மின்காந்த இரைச்சல் மத்திய அலை ஏற்பைக் கெடுக்கிறது. இதனால் சில உலக நிறுவனங்கள் தம் மின்சார வண்டிகளில் மத்திய அலை வாங்கியையே நீக்கின. மத்திய அலையைச் சார்ந்த எண்ணிம ஒலிபரப்புக்கு இது கவலைக்குரியதாகும்.

ஒலிபரப்பைப் பதிவு செய்தல்

ஒலிநாடாக் காலம்

1970-களிலும் 1980-களிலும் வானொலியும் ஒலிநாடாப் பதிவியும் இணைந்த பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகளில் பரவின. ஆகாசவாணி 1954 முதல் நடத்தி வந்த வானொலி சங்கீத சம்மேளனக் கச்சேரிகள், நாடகங்கள், பேட்டிகள் முதலியவற்றை நேயர்கள் நாடாவில் பதிந்து வைத்தனர். மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற பகுதிகளின் இசை ஆர்வலர்களிடம் இத்தகைய சேகரிப்புகள் உருவாயின. கடைகளில் இசைத்தட்டாக வெளிவராத கச்சேரிகள் பல இவ்வாறே நிலைத்தன. நாடாவைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடி ஒலித் தரம் குறையும். எனவே படியெடுத்தலுக்கு ஓர் இயற்கையான எல்லை இருந்தது.

எண்ணிமப் பதிவு

எண்ணிம ஒலிபரப்பில் காற்றில் வரும் எண் தொடரையே அப்படியே நினைவகத்தில் சேமிக்க முடியும். எத்தனை முறை படியெடுத்தாலும் தரம் மாறாது. தேவைப்படும் இடமும் சிறிது. நொடிக்கு 64,000 துணுக்குகள் கொண்ட நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு 2 கோடியே 88 இலட்சம் எண்ணுண்மிகளை, அதாவது 28.8 மெகாபைட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 16 கிகாபைட்டு நினைவட்டையில் இவ்வாறு 550 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்பை வைக்கலாம். நொடிக்கு 20,000 துணுக்குகள் கொண்ட மத்திய அலை நிகழ்ச்சிக்கு மணிக்கு 9 மெகாபைட்டு போதும்.

நிகழ்ச்சியின் பெயரும் பாடலின் பெயரும் உடன் வருவதால், வேண்டிய பகுதியை மட்டும் கருவியே தேர்ந்து பதிய இயலும். நேரடி ஒலிபரப்பை நிறுத்தி வைத்துப் பின்னர் தொடர்வதும் இயலும். பிரித்தானியாவில் பியூர் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட 'தி பக்' என்னும் டி.ஏ.பி. வானொலியில் நிறுத்துதல், பின்னோக்கிச் செல்லுதல், நினைவட்டையில் பதிதல் ஆகிய வசதிகள் இருந்தன. தொழில்நுட்பத்தால் இவை இயலும் என்றாலும், மகிழுந்துகளில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் கருவிகள் பொதுவாகப் பதிவு வசதியுடன் வருவதில்லை.

அமெரிக்க வழக்கு

மகிழுந்தில் பெரிதும் பயன்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள் வானொலியான எக்சு.எம்., 2006-இல் 50 மணி நேர ஒலிபரப்பைச் சேமிக்கக்கூடிய 'இன்னோ' என்னும் கையடக்கக் கருவியை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு மே மாதம் பெரும் இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. இது வானொலி கேட்பதன்று, விலையின்றிப் பாடல்களை வழங்குவதே என்பது அவற்றின் வாதம். வீட்டுப் பதிவை அனுமதிக்கும் 1992-ஆம் ஆண்டின் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் தனக்குப் பொருந்தும் என எக்சு.எம். கூறியது. வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் 2007 சனவரியில் மறுத்தது. அவ்வாண்டின் இறுதி முதல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக உடன்படிக்கை செய்துகொண்டன. எனவே, எண்ணிம வானொலியிலிருந்து பதிவது நேயரின் உரிமையா என்ற அடிப்படைக் கேள்விக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

இந்தியச் சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இப்பொருளில் பின்வருமாறு கூறுகிறது.

• 37-ஆம் பிரிவு ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 'ஒலிபரப்பு மறுஆக்க உரிமை'யை வழங்குகிறது. ஒலிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகளுக்கு இது செல்லும். உரிமமின்றி ஒலிபரப்பைப் பதிவதும் மறுஒலிபரப்புவதும் இவ்வுரிமையை மீறுவதாகும்.
• 39-ஆம் பிரிவு இதற்கு விலக்களிக்கிறது. பதிபவர் தம் சொந்தப் பயனுக்காகப் பதிவதும், நேர்மையான கற்பித்தல் அல்லது ஆய்வுக்காக மட்டும் பதிவதும் மீறல் ஆகா.
• 52-ஆம் பிரிவு சொந்தப் பயனுக்கும் ஆய்வுக்குமான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் இது ஒலிப்பதிவுகளுக்கும் பொருந்தும்.
• 2012-இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்வதை இது தடை செய்வதில்லை.

ஆகவே மாணவர் ஒருவர் வானொலி உரையொன்றைத் தம் படிப்புக்காகப் பதிந்து வைப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அதனைப் படியெடுத்து விற்பதற்கு இடம் இல்லை. ஆனால் இவ்விலக்கு, பதிவதைக் குற்றமன்று என்று மட்டுமே கூறுகிறது. பதிவு வசதியைக் கருவியில் வைத்தே தீரவேண்டும் என்று தயாரிப்பாளரையோ ஒலிபரப்பாளரையோ அது கட்டாயப்படுத்தவில்லை.

இணைய வழிக் கேட்பில் நிலை வேறுபடுகிறது. வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் சட்டம் வகுத்த கட்டணத்தில் பாடல்களை ஒலிபரப்ப உதவும் 31ஈ பிரிவு, இணையத்தில் கேட்கவும் பதிவிறக்கவும் வழங்கும் சேவைகளுக்குப் பொருந்தாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. 2022-இல் அதே நீதிமன்றத்தின் ஆயம் இதனை உறுதி செய்தது. இணைய உடனிகழ்வு ஒலிபரப்பில் பயனர் கட்டுப்பாடு கூடாது என்ற டிராய் பரிந்துரையை இப்பின்னணியில் வைத்து நோக்கலாம். நிறுத்தவும் சேமிக்கவும் இயலுமானால் அது வானொலியாக அன்றி, தனி உரிமம் வேண்டும் இசைச் சேவையாகக் கருதப்படக்கூடும்.

பிற நாடுகளில்

நோர்வே 2017-இல் தேசிய நிலையங்களின் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி டி.ஏ.பி.+ முறைக்கு மாறிய முதல் நாடாகும். சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 திசம்பர் 31 அன்று தன் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 திசம்பர் 21 முதல், வானொலியுடன் விற்கப்படும் புதிய மகிழுந்துகளில் தரைவழி எண்ணிம வாங்கி இருப்பது கட்டாயமாக்கப்பட்டது. மாறாக, ஆசியாவில் முன்னோடியாக 1999-இல் டி.ஏ.பி. ஒலிபரப்பைத் தொடங்கிய சிங்கப்பூர், 2011-இல் அதனைக் கைவிட்டது.

எதிர்காலம்

இந்தியாவில் எண்ணிம மகிழுந்து வானொலி எத்திசையில் செல்லும் என்பது பின்வருவனவற்றைப் பொறுத்தது.

• செந்தரம்: பண்பலை வரிசைக்கு எச்.டி. ரேடியோவும் டி.ஆர்.எம்மும் போட்டியிடுகின்றன. முன்பே சாலையில் ஓடும் டி.ஆர்.எம். வண்டிகளின் வாங்கிகள் புதிய ஒலிபரப்பையும் பெறுமா என்பது இம்முடிவைச் சார்ந்தது.
• கைப்பேசி: மலிவான தரவுக் கட்டணத்தால், மகிழுந்தின் திரையில் கைப்பேசியை இணைத்து இணைய வழி கேட்கும் வழக்கம் பெருகியுள்ளது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' தளத்திலும் வானொலி அலைவரிசைகள் உள்ளன. எனினும் இணையம் பயனரின் தரவைச் செலவழிக்கிறது. வானலை ஒலிபரப்பு கேட்போரின் எண்ணிக்கை கூடினாலும் நெரிசலுக்கு உள்ளாவதில்லை.
• பேரிடர்: டி.ஆர்.எம். செந்தரத்தில், வேறு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் வாங்கியையும் எச்சரிக்கை அறிவிப்புக்குத் திருப்பும் வசதி உள்ளது. 2015 வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் கண்ட சென்னைக்கு இது பொருத்தமானது.
• பதிவு: ஓட்டுநர் கைப்பேசியைக் கையில் பிடித்து இயக்குவது 2019-இன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பின் தண்டனைக்குரியது. எனவே மகிழுந்தில் பதிவு வசதி, முன்கூட்டியே நேரம் குறித்துத் தானே இயங்குவதாகவோ ஒரே பொத்தானில் அமைவதாகவோ இருந்தால்தான் பயன்படும்.

ஒலிநாடாக் காலத்தில், பதிவு செய்வதற்கு நேயர் யாரிடமும் வசதி கோர வேண்டியிருக்கவில்லை. கடையில் வாங்கிய எந்தப் பெட்டியும் எந்த நிலையத்தையும் பதிந்தது. எண்ணிம வானொலியில் அவ்வசதி செந்தரத்தையும், உரிம நிபந்தனைகளையும், கருவித் தயாரிப்பாளரையும் சார்ந்ததாகிறது. 39-ஆம் பிரிவின் விலக்கு நடைமுறையில் பொருளுடையதாக இருக்குமா என்பதை, இனி அமையவுள்ள எண்ணிம வானொலிக் கொள்கையும் அதன்படி வடிவமைக்கப்படும் வாங்கிகளுமே முடிவு செய்யும்.

இவற்றையும் பார்க்க

• ஆகாசவாணி
• பண்பலை ஒலிபரப்பு
• மத்திய அலை
• பதிப்புரிமை
• செயற்கைக்கோள் வானொலி